திருத்திய பதிப்பில் தாயகம் இல்லை

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு சிற்றிதழுக்கு எழுதித் தருவதாக நான் ஒப்புக்கொண்ட கட்டுரை. 'எஸ்தோனியக் கவிஞர் ஒருவரின் கவிதைகளில் தாயகம் என்னும் எண்ணம் மாறிவந்த விதம்' என்று தலைப்புகூட வைத்துவிட்டேன். தலைப்பே அரைப்பக்கம் வருகிறது, மீதியைச் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். நான்காம் பக்கத்தில் அவருடைய அப்பா வந்தார். அவர் வந்த பிறகு எஸ்தோனியாவைப் பற்றி நான் எழுதிய எல்லா வாக்கியமும் பொய்போலத் தெரிந்தது. எனவே கட்டுரையை நிறுத்திவிட்டேன்.

(சிற்றிதழ் ஆசிரியர் இதைப் படித்தால்: கட்டுரை வராது. இதை வைத்துக்கொள்ளுங்கள்.)

கவிஞரின் பெயர் ஹெல்யு ரன்னோயா. இணையத்தில் தேடாதீர்கள், கிடைக்க மாட்டார். இந்தக் கதைக்காக நான் உண்டாக்கியவர் அவர். மற்றவர்களையும் உண்டாக்கினேனா என்ற பேச்சை இப்போது எடுக்க வேண்டாம்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

ஒன்று: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கின் இலையுதிர்காலத்தில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, பால்டிக் கடலில் ஒரு மீன்பிடிப் படகில்' – இதை இங்கேயே விட்டுவிட்டேன். பால்டிக் கடலை நான் பார்த்ததில்லை. நான் பழனிக்காரன். ராமேஸ்வரத்துக்கு அப்பால் எனக்குக் கடல் தெரியாது.

இரண்டு: 'மன்னவனூரில் பனி' – பனியில் தொடங்கும் கொடைக்கானல் கதைகள் போதும்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: இந்துவுக்கு நாற்பத்திரண்டு வயது. கொடைக்கானலில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறாள். அதே பள்ளியில் நான் தமிழ் நடத்துகிறேன். (ஸ்டாஃப் ரூமில் 'இந்து மேடம்', 'வாங்க, போங்க'தான். கதைக்குள் வந்துவிட்டதால் 'அவள்' என்று எழுதுகிறேன். படித்துவிட்டுச் சண்டைக்கு வரட்டும்.) இரண்டு வருடமாக அவள் ரன்னோயாவின் கவிதைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். ஒற்றுப்பிழை பார்த்துக் கொடுப்பது என் வேலை.

3

கட்டுரையிலிருந்து மிஞ்சிய ஒரே பகுதி இது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சோவியத் படைக்குப் பயந்து படகில் ஸ்வீடனுக்குத் தப்பிப்போன அந்தச் சிறுமி இருபத்திரண்டு வயதில் முதல் தொகுப்பைப் போட்டாள். அதில் தாயகம் என்றால் ஒரு கடற்கரை; இழந்த கரை. நாற்பதை நெருங்கும்போது கரை காணாமல் போகிறது. தன் பெயரைச் சரியாக உச்சரிக்கும் நான்கைந்து பேர் எந்தத் தெருவில் இருக்கிறார்களோ அதுதான் தாயகம் என்கிறாள். எஸ்தோனியா மறுபடி விடுதலை பெற்றதும் ஊருக்குப் போய்ப் பார்க்கிறாள். பழைய வீட்டு ஆப்பிள் மரம் இப்போது அங்கே இருப்பவர்களுக்குக் காய்த்துக்கொண்டிருக்கிறது. அது நியாயம்தான் என்று ஒரு கவிதை. கடைசியாக, எழுபது தாண்டிய வயதில், மொத்தத் தொகுப்பை மறுபடி அச்சிடும்போது, உட்கார்ந்து தன் இளமைக்காலக் கவிதைகளையெல்லாம் திருத்தினாள். 'தாயகம்' என்ற சொல் இருந்த இடத்திலெல்லாம் அதை அடித்தாள்.

(எஸ்தோனிய மொழியில் அந்தச் சொல் 'கொடுமா'. வீடு, நிலம் என்ற இரண்டும் சேர்ந்தது. தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு, "யாரோ அம்மாகிட்ட எதையோ கேக்குற மாதிரி இருக்கு சார்" என்று இந்து சிரித்தாள்.)

ரன்னோயாவின் புகழ்பெற்ற கவிதையின் பழைய வடிவம், இந்துவின் தமிழில்:

தாயகமே,
உன் கரையை என் நாவுக்கடியில் ஒளித்து வந்தேன்.
படகில் கடல் கேட்டது:
என்ன கொண்டுபோகிறாய்?
நான் வாயைத் திறக்கவில்லை.

அரை நூற்றாண்டு கழித்துத் திருத்தியது:

படகில் கடல் கேட்டது:
என்ன கொண்டுபோகிறாய்?
எட்டு வயது. குளிர்.
ஒன்றுமில்லை என்றேன்.
ஒன்றுமில்லைதான்.

கடைசிப் பதிப்பின் பின்குறிப்பில் கிழவி எழுதியிருந்தார்: 'இனி எங்கே அச்சிட்டாலும் புதியதை அச்சிடுங்கள். பழையதை எழுதிய பெண் என்னைவிட அழகாகப் பொய் சொல்வாள்.'

4

இந்துவுக்குப் பழையதுதான் பிடித்தது. எனக்கும்தான். திண்டுக்கல்லில் சிறியதாகப் பதிப்பகம் நடத்தும் சிவராமனுக்கோ அது மிகமிகப் பிடித்தது. புத்தகத்துக்கே 'தாயகம்' என்று பெயர் வைத்து அட்டைப்படத்தை முகநூலில் போட்டுவிட்டார்.

"பின்குறிப்புல அந்தம்மா வேண்டாம்னு சொல்லியிருக்காங்களே?" என்று இந்து போனில் கேட்டாள்.

"மேடம், வயசானா எல்லாரும் தாங்க எழுதினதைக் கெடுக்கத்தான் பாப்பாங்க. அதுலேர்ந்து கவிதையைக் காப்பாத்துறது நம்ம கடமை. அப்புறம், உங்க முன்னுரை வேணும். சிலோன்லேர்ந்து வந்த குடும்பம், அந்த வலி. உங்களைத் தவிர வேற யாரு இதை மொழிபெயர்க்க முடியும்?"

இந்து முன்னுரையை எழுதினாள். நன்றாகவே எழுதினாள். அவள் அப்பா காசிநாதன் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக்கட்டிய தொழிலாளர் வீடுகள்; அதில் ஒரு வீட்டுக்குக் காம்பரா என்று பெயர். இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தில் அண்ணன் பழனிச்சாமி அங்கே தங்க, பதினாறு வயதுத் தம்பி பெற்றோருடன் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். சவுக்குப்பட்டை உரித்து, உருளைக்கிழங்கு தோண்டி, மன்னவனூரில் கேரட் போடும் அளவுக்கு நிமிர்ந்தார். இதையெல்லாம் எழுதிவிட்டு, முன்னுரையை அவள் இப்படி முடித்திருந்தாள்: 'என் தந்தை இன்றுவரை திரும்பிப் பார்க்க முடியாமல் போன மண்ணின் மகள் நான். ரன்னோயாவின் கரை எனக்கும் தெரியும்.'

ஒற்றுப்பிழை ஒன்றுமில்லை. 'அருமை' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

5

பொங்கல் விடுமுறைக்கு இந்து மன்னவனூர் போனாள். பூம்பாறை தாண்டி, கவுஞ்சி தாண்டி, பஸ்ஸில் மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். பைக்குள் முன்னுரை இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது: மதுரையிலிருந்து கொழும்புக்கு இரண்டு விமான டிக்கெட்டுகள். மே மாதம் அப்பாவை அவர் பிறந்த தோட்டத்துக்கு அழைத்துப்போக வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

(இந்த இடத்தில் காசிநாதனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இழந்ததை நினைத்து மலைமுகட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பெரியவரைத்தான் முதல் வரைவில் எழுதினேன். அவரை இரண்டு தடவை நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் காட்டெருமை வேலியை முட்டியதைப் பற்றித்தான் பேசினார். முகட்டையெல்லாம் பார்க்கவில்லை. வரைவை அடித்துவிட்டேன்.)

மத்தியானம். காசிநாதனும் அவர் மனைவி மூக்கம்மாவும் களத்தில் கேரட் கட்டுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மூக்கம்மா கவுஞ்சிக்காரி, கடல் தாண்டின குடும்பமில்லை. இந்து படியில் உட்கார்ந்து பழைய கவிதையை வாசித்தாள். காசிநாதன் கை நின்றது.

"இன்னொருக்கா வாசிம்மா."

வாசித்தாள்.

"பொம்பளப் புள்ளயா எழுதுனது? நல்லாருக்கு. நாக்குக்கு அடியில வச்சுக் கொண்டாந்தேன்ங்கிறா பாரு."

இந்து உற்சாகமாகிவிட்டாள். முன்னுரையையும் வாசித்தாள். கடைசி வரி வந்ததும், திட்டமிட்டபடியே, டிக்கெட்டுகளை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "திரும்பிப் பாக்க முடியாதுன்னு எழுதிட்டேன். இப்ப அதையும் பொய்யாக்கிடலாம்ப்பா. மே மாசம் போறோம், நீங்களும் நானும்."

காசிநாதன் டிக்கெட்டை வாங்கவில்லை. மூக்கம்மாவைப் பார்த்தார். மூக்கம்மா ஒரு கட்டை முடிச்சுப் போட்டுத் தள்ளி வைத்துவிட்டு, "சொல்லிருங்க. இன்னும் எம்புட்டு நாளைக்கு?" என்றாள்.

"நான் போயிட்டு வந்துட்டேன்ம்மா," என்றார் காசிநாதன்.

6

(நான் எழுத ஆசைப்பட்ட காட்சி வேறு. அதில் அப்பாவும் மகளும் தேயிலைச் சரிவில் ஏறுகிறார்கள். இடிந்த லயத்தின் சுவரை அவர் உள்ளங்கையால் தடவுகிறார், மேகம் இறங்கி வந்து – போதும். அப்படி நடக்கவில்லை.)

நடந்தது இது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போவதாகச் சொல்லிக் காசிநாதன் கிளம்பினார். இந்து அப்போது விடுமுறைக்கு வந்திருந்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பியவளே அவள்தான். அவர் மதுரைக்குப் போய், வாழ்க்கையில் முதல்தடவையாக விமானம் ஏறினார். திரும்பி வரும்போது பழனியில் இறங்கி மொட்டை போட்டு, பஞ்சாமிர்த டப்பாவுடன் வீட்டுக்கு வந்தார். இந்து அந்தப் பஞ்சாமிர்தத்தைச் சாப்பிட்டிருக்கிறாள்.

"மொட்டையடிச்சு ஏமாத்துனீங்களாப்பா?"

"ஏமாத்தல. அந்த மொட்டை முருகனுக்குத்தான். திரும்பி வந்ததுக்கு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம?" என்றாள் மூக்கம்மா. "பைல ஸ்வெட்டர் வச்சுக் குடுத்ததே நாந்தான். பழனி வெயிலுக்குப் போற மனுசனுக்கு எதுக்குடி ஸ்வெட்டரு? நீயும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்த."

காசிநாதன் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். பேசப்பேச அவர் தமிழ் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

"அண்ணன் பஸ் நிக்கிற எடத்துலயே நின்னுச்சு. கட்டிப்புடிச்சு அழுவும்னு நெனச்சேன். 'என்னடா இப்பிடி வயசாகிப்போச்சு'ன்னு சிரிச்சுச்சு. எங்க லயத்தப் பாக்கணும்னேன். கூட்டிட்டுப் போச்சு. அது அப்பிடியேதாம்மா இருக்கு. இடிஞ்சு கெடந்திருந்தாக்கூட அழுதிருப்பேன். எங்க காம்பராவுல வேற குடும்பம் இருந்துச்சு. டீவியில கிரிக்கெட்டு. 'உள்ளுக்கு வாங்க'ன்னாங்க. செருப்பக் கழட்டிட்டுப் போயி உக்காந்தேன். டீ குடுத்தாங்க. எங்கம்மா அடுப்பு வச்சிருந்த மூலையில பீரோ நிக்கிது. நல்ல பீரோ."

"அப்புறம்?"

"மூணாம் நாள் காலையில அண்ணன் சம்சாரம், 'ஊருக்கு எப்ப கெளம்புறீங்க தம்பி'ன்னு கேட்டுச்சு. தப்பா கேக்கல. மாசிக் கருவாடு கட்டித் தரணுமே, அதுக்குக் கேட்டுச்சு. ஆனா எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. அங்க இருந்தப்ப எங்கப்பாரு ஊருன்னா துறையூருப் பக்கம் காட்டுவாரு. இங்க வந்து நான் ஊருன்னா அந்தத் தோட்டத்தக் காட்டுனேன். அன்னைக்கு அண்ணி ஊருன்னு கேட்டதும், என் கண்ணுக்கு மொத வந்து நின்னது நம்ம தண்ணித்தொட்டியும் ஒங்கம்மா வையிறதும்தான்."

"வையிறதுதான் வந்துச்சாக்கும்," என்றாள் மூக்கம்மா.

7

இந்துவுக்குக் கோபம் வந்தது. அவள் அழுதாள் என்று எழுதினால் வாசகர்களுக்கு வசதி. அவள் அழவில்லை. எழுந்து நின்று, "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கத்தினாள். பக்கத்துக் காட்டில் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒனக்கு அந்தக் கதை தேவையா இருந்துச்சும்மா. காலேஜுல அதப் பேசித்தான பரிசு வாங்குன. பேப்பர்ல போட்டாவோட வந்துச்சு. அதப்போயி நான் ஏன் கெடுக்கணும்?"

"அது உங்க கதைப்பா!"

"எனக்குத்தான் முடிஞ்சுபோச்சே."

இருபது வருடமாக அவள் யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்ன பதில் அந்தக் கதை. காதலித்தவனிடம் முதல்நாள் சொன்னது, வேலைக்கான நேர்முகத்தில் சொன்னது, வகுப்பில் ஒவ்வொரு ஜூன் மாதமும் சொல்வது. அதன் சொந்தக்காரர் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே போய்ப் பார்த்து, மாற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் கேரட்டுக்குத் திரும்பிவிட்டார். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு அவள் மட்டும் ஊர்ஊராக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஊருல யாருக்கும் சொல்லலியே, ஏன்?" என்று கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள்.

காசிநாதன் கேரட்டின் தழையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல. அங்க அண்ணன் இருக்கு, வேலைக்குக் கொறச்ச இல்ல. போயிப் பாத்து, அதுதான் எடம்னு மனசு சொல்லிருச்சுன்னா? சொல்லிட்டுப் போயி வராம இருந்தா ஒங்கம்மாவ நாலு பேரு பேசுவாங்க."

இந்து அம்மாவைப் பார்த்தாள். "உனக்கு இதுவும் தெரியுமா?"

"அவரு சொல்லல. மூஞ்சியப் பாத்தா தெரியாதா?" மூக்கம்மா கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சை இறுக்கினாள். "வராட்டியும் குளிரும்ல. அதான் ஸ்வெட்டர வச்சேன்."

(இந்தப் பதிலுக்குப் பிறகு கட்டுரையாசிரியன் ஒருவன் நான்கு பத்தி எழுதலாம். நான் எழுதப்போவதில்லை.)

8

சாயங்காலம், கேரட் லோடு ஏறிய பிறகு, இந்து திருத்திய கவிதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். சமாதானமாகத்தான் வாசித்தாள். இனி அது அவருக்குப் பிடிக்கும் என்று நிச்சயமாக நம்பினாள். நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்: 'காசிநாதன் கண்களை மூடி, இதுதாம்மா சரி என்' – தப்பு.

அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது என்னம்மா? ஒண்ணுமில்லன்னு சொல்லவா அம்புட்டுத் தூரம் படகுல போனா? பழசே இருக்கட்டும். சின்னப் புள்ள, ஆசையா ஒண்ணச் சொல்லிருக்கு. அத அடிக்கிறதுக்கு இந்தக் கெழவிக்கு என்ன உரிமை?"

"கிழவியும் அவங்கதானேப்பா!"

"இருந்தா?"

"நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு மாத்திக்கலாம். அவங்க மாத்தக் கூடாதா?"

"அது வேற," என்றார் காசிநாதன். கை கழுவப் போய்விட்டார்.

இந்து மறுநாள் மன்னவனூர் ஏரிக்கு மேலே, சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று சிவராமனுக்குப் போன் போட்டாள். திருத்திய வடிவம்தான் அச்சாக வேண்டும் என்றாள்.

"மேடம், அட்டையை ஊரே ஷேர் பண்ணிடுச்சு. 'தாயகம்'னு ஒரு புத்தகம், உள்ளே அந்த வார்த்தையே இல்லைன்னா எப்படி?"

"அப்ப தலைப்பை மாத்துங்க."

"முன்னுரையாச்சும் இருக்குல்ல?"

"அதுவும் வேண்டாம். கடைசி வரி பொய்."

சிவராமன் கெட்டவரில்லை, கவிதைப் புத்தகம் போட்டுக் கைக்காசை இழக்கும் இனம். "கவிதைப் புத்தகத்துக்கு முன்னுரையில ஒரு வரி பொய் இருந்தா என்ன மேடம்? யாரு கேக்கப்போறா?"

"எங்கம்மா கேப்பாங்க," என்றாள் இந்து.

புத்தகம் பிப்ரவரியில் வந்தது. பெயர் 'படகில் கடல் கேட்டது'. முன்னுரை இல்லை, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு இல்லை. பின்னட்டையில் இந்துவைப் பற்றி ஒரே வரி: 'மன்னவனூரில் வளர்ந்தவர், ஆங்கில ஆசிரியர்.' காசிநாதன் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் கவிதை இருக்கும் பக்கத்தில், மேலே, பேனாவால், பழைய முதல் இரண்டு வரியைத் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். இந்து பார்த்தாள். எழுத்துப்பிழை ஒன்று இருந்ததாம், அதைக்கூடத் திருத்தவில்லையாம்.

9

முடிவுகள்.

அ) அப்பாவும் மகளும் மே மாதம் சேர்ந்து போகிறார்கள். இல்லை. டிக்கெட்டை ரத்து செய்தாகிவிட்டது. "ஒருக்கா போயாச்சு, சோலி கெடக்கு" என்றுவிட்டார்.

ஆ) இந்து தனியாகப் போகிறாள், அப்பா உட்கார்ந்த அதே காம்பராவில், பீரோவுக்குப் பக்கத்தில் – இது எனக்குப் பிடித்திருந்தது. அவளிடம் சொன்னேன். "எனக்கு அங்க என்ன சார் வேலை?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

இ) உண்மையில் இருப்பது இது. டிக்கெட் ரத்தான செய்தி போனில் பழனிச்சாமிக்குப் போயிருக்கிறது. "அவன் வராட்டி என்ன, நான் வாறேன்" என்றிருக்கிறார் அண்ணன். எழுபத்தொரு வயது. இந்தியாவைப் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் அவருடைய அப்பா 'ஊரு, ஊரு' என்று சொன்ன இடத்தை முதல்முறையாகப் பார்க்க மே மாதம் வருகிறார். ஆனால் துறையூருக்குப் போகவில்லை, நேராக மன்னவனூருக்கு. காசிநாதன் மேல் அறைக்கு வெள்ளையடித்துவிட்டார். மூக்கம்மா புதிதாக இரண்டு கம்பளி வாங்கியிருக்கிறாள். இந்து மதுரைக்குப் போய் அழைத்து வருவதாக ஏற்பாடு. பெரியப்பாவிடம் என்ன பேசுவது என்று இப்போதே பயந்துகொண்டிருக்கிறாள். இருபது வருடமாக அவரைப் பற்றி மேடைகளில் பேசியவள்.

நான் இதை எழுதுவது மார்ச்சில். மே மாதத்தில் நடப்பதை மார்ச்சில் எழுத எனக்குத் தெரியும். கதை எழுதுகிற நாங்கள் தினமும் செய்யும் வேலைதான் அது. இந்த முறை செய்யப்போவதில்லை. இந்தக் குடும்பத்தைப் பற்றி நான் முன்கூட்டி எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர்கள் அடித்துவிட்டார்கள்.

நீங்கள் எப்படியும் மே மாதம் கொடைக்கானல் வருவீர்கள். எல்லாரும் வருகிறீர்கள். ஏரியில் படகு விட்டு, தூண்பாறையில் மேகத்தைப் படம் பிடித்து, ஒரு நாள் மிச்சமிருந்தால் மன்னவனூரில் ஆட்டுப்பண்ணை பார்க்கவும் வருவீர்கள். பஸ் நிற்கும் இடத்துக்குக் கீழே, கேரட் களத்தில், ஒரே சாடையில் இரண்டு வயதானவர்கள் உட்கார்ந்திருக்கலாம். பேசிக்கொண்டிருப்பார்களா, சண்டையா, சும்மா இருப்பார்களா, எனக்குத் தெரியாது. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள். எந்த ஊர் என்று அவர்களைக் கேட்க வேண்டும்போல இருந்தால் தாராளமாகக் கேளுங்கள். இரண்டு பேரையும் சேர்த்துவைத்து மட்டும் கேட்காதீர்கள். தனித்தனியாகக் கேளுங்கள்.